கடலடிக் கிணற்றில் செய்யக் கூடாத தவறுகள், அதிலும் முக்கியமாக ஒன்று

போன மாதம் கிணற்றுக் கட்டுப்பாட்டு வகுப்பில் ஒரு பையன் சிமுலேட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பிரஷர் கேஜில் முள் ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவனிடம், "உள்ளே மாட்டின பிரஷர்தான் மச்சான், கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்றான். பாஸ் என்று எழுதி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டான். படித்தவன், புத்திசாலி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஹெல்மெட் போடுங்கள், வால்வை இரண்டு முறை பாருங்கள், தூக்கமில்லாமல் ஷிப்டுக்கு வராதீர்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அவற்றை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அக்கறையோடு வேலை செய்கிறவர்களே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். உதாரணங்களை மக்கோண்டோவிலிருந்து எடுக்கிறேன். 2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் அந்தக் கிணறு வெடித்தது. கடல் ஆழம் சுமார் 5,000 அடி, கிணற்றின் அடி 18,360 அடியில். அதைத் தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக்கில், அதாவது மிதக்கும் துளையிடும் மேடையில், 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கொட்டியது. அந்த இரவின் ஒவ்வொரு நிமிடமும் விசாரணை அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. வேறு எந்த விபத்திலிருந்தும் இவ்வளவு கற்றுக்கொள்ள முடியாது.

சோதனை சொன்ன பதிலுக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

எதிர்மறை அழுத்தச் சோதனையை ரிக்கில் நெகடிவ் டெஸ்ட் என்போம். கிணறு தோண்டும்போது மட் என்கிற கனமான சேற்றுத் திரவம் உள்ளே நிற்கிறது. அதன் எடைதான் பாறைக்குள் இருக்கும் எண்ணெயையும் வாயுவையும் கீழேயே அழுத்தி வைக்கிறது. வேலை முடிந்து ரிக் நகரப் போகிறது என்றால் அந்த மட்டை எடுத்துவிட்டுக் கடல்நீரை விடுவோம். கடல்நீருக்கு அந்த எடை கிடையாது. அப்புறம் கிணற்றைப் பிடித்து வைத்திருப்பது அடியில் போட்ட சிமெண்ட்தான். சிமெண்ட் தாங்குகிறதா என்று எடையைக் கொஞ்சம் முன்கூட்டியே குறைத்துப் பார்ப்பதுதான் இந்த டெஸ்ட். பிரஷரைப் பூஜ்யத்துக்கு இறக்கி, வால்வை மூடிக் காத்திருக்க வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் சரி. ஏறினால் கீழே எங்கோ வழி இருக்கிறது.

அன்று மாலை மக்கோண்டோவில், கிணற்றுக்குள் நீண்டிருக்கும் ட்ரில் பைப்பின் பிரஷரைப் பூஜ்யத்துக்கு இறக்கினார்கள். மூடியதும் ஏறியது. மறுபடி இறக்கினார்கள், மறுபடியும் ஏறியது. கடைசியில் 1,400 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வந்து நின்றது. அடுத்து கில் லைன் என்கிற பக்கக் குழாயில் பார்த்தார்கள். அதில் பூஜ்யம். அரை மணி நேரம் பார்த்தும் ஒரு சொட்டு வரவில்லை. சரி, பாஸ் என்று முடிவு செய்தார்கள்.

கொத்தனார் சுவர் மட்டம் பார்க்கிற டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய டியூபின் இரண்டு முனைகளையும் இரண்டு சுவரில் பிடித்தால் மட்டம் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால், சித்தாளைக் கூப்பிட்டு "டியூப் எங்கே மடங்கியிருக்கு பார்" என்பார். இந்தப் பக்க மட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது, இதையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டார். ட்ரில் பைப்பும் கில் லைனும் கீழே ஒரே கிணற்றுக்குள்தான் திறக்கின்றன. ஒன்றில் 1,400, இன்னொன்றில் பூஜ்யம் என்றால் ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது.

ஆனால் அன்று ரிக்கில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. மேலே ரைசரில், அதாவது கடல்தரையிலிருந்து ரிக் வரை வரும் பெரிய குழாயில், நிற்கும் கனமான மட், மூடிய ரப்பர் வளையத்தை அழுத்துகிறது, அந்த அழுத்தம்தான் ட்ரில் பைப்பில் தெரிகிறது என்று. பிளாடர் விளைவு என்று அதற்குப் பெயரும் இருந்தது. பிறகு விசாரணைக் குழு கேட்ட நிபுணர்களில் ஒருவர்கூட அதை ஏற்கவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் அது அந்த அறைக்குள் உண்மையாகிவிட்டது. எட்டு மணிக்குச் சற்று முன்பு டெஸ்ட் முடிந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் ரிக் எரிந்தது.

கில் லைன் ஏன் அடைத்திருக்கலாம் என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. மட்டையும் கடல்நீரையும் பிரிக்க நடுவில் ஸ்பேசர் என்ற திரவம் விடுவார்கள். அன்று விட்டது, மட் பாறைக்குள் ஓடாமல் அடைப்பதற்காகக் கலந்து மிச்சமான கெட்டிச் சரக்கு, 400 பேரலுக்கு மேல். ஏன் அதை விட்டார்கள்? அப்படியே மிச்சம் வைத்தால் கழிவு விதிப்படி கரைக்குக் கொண்டுபோய் அப்புறப்படுத்த வேண்டும். கிணற்றுக்குள் சுற்றி வந்துவிட்டால் கடலில் விட்டுவிடலாம். குப்பைக்காக எழுதிய ஒரு விதி, உயிர் காக்கிற சோதனையின் குழாய்க்குள் எதைப் போடுவது என்று தீர்மானித்தது. புதிதாக வருபவர்கள் விதிகளைத் தனித்தனிக் காகிதமாகப் படிக்கிறார்கள். கிணற்றுக்குள் எல்லாம் ஒன்றாகத்தான் இறங்கும்.

என் கதை இதைவிடச் சின்னது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிணற்றின் கீழ்ப்பகுதியில் இறக்கும் லைனர் என்ற இரும்புக் குழாயின் தலைப்பகுதியில் இதே மாதிரி ஒரு சோதனை. குளிர்ந்த கடல்நீரை உள்ளே விட்டிருந்தோம். திரும்பி வரும் குழாயின் வாயில் தண்ணீர் நூல் மாதிரி வடிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் பார்த்தேன். "கீழே சூடு அதிகம் சார், தண்ணீர் விரியுது, வேற ஒண்ணும் இல்லை" என்றேன். அப்படி விரிவது உண்மைதான். சூப்பர்வைசர், காவேரிப் படுகைத் தரைக் கிணறுகளில் பல வருடம் இருந்துவிட்டுக் கடலுக்கு வந்தவர், என்னைப் பார்த்து, "விரிவா இருந்தா வர வர குறையணுமே தம்பி. குறையுதா?" என்றார்.

நான் அளக்கவே இல்லை.

பெயிண்ட் வாளி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். கையில் ஸ்டாப்வாட்ச். வாளி நிரம்ப ஆறு நிமிடம். அரை மணி கழித்து அதே வாளி, ஆறு நிமிடம். ஒரு மணி நேரம் கழித்தும் ஆறு நிமிடம். சூட்டில் விரிகிற தண்ணீர் போகப்போக ஓய்ந்துவிடும். கசிவு அப்படி ஓயாது. லைனர் தலையில் ஓட்டை இருந்தது. சிமெண்டை அழுத்தி அடைத்து மறுபடி சோதிக்க மூன்று நாள் ஆனது. அவர் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "என்ன வந்தா இது ஃபெயில்னு டெஸ்டுக்கு முன்னாடி எழுதி வச்சியா?"

எழுதவில்லை. அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. முன்கூட்டி எழுதி வைக்காதவனுக்கு எந்த எண் வந்தாலும் ஒரு காரணம் கிடைக்கும். அதுவும் படித்தவனுக்கு நல்ல காரணமாகவே கிடைக்கும். மேலதிகாரிகள் காத்திருக்கிறார்கள், ரிக் வாடகை நாளுக்கு நாள் ஏறுகிறது, அடுத்த கிணறு தயாராக நிற்கிறது. அந்த நேரத்தில் பாஸ் என்று சொல்ல வைக்கிற எந்த விளக்கமும் இனிக்கும்.

2010-க்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க விதிகளில் இல்லை. எப்படிச் செய்வது என்றும் இல்லை. விபத்துக்குப் பிறகு, அதே 2010 அக்டோபரில் வந்த விதி அதைக் கட்டாயமாக்கியது. செய்முறையையும், எது வெற்றி என்பதற்கான அளவுகோலையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் சூப்பர்வைசர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விதான் அது.

பி.ஓ.பி. இருக்கிறதே என்ற தைரியம்

கடல்தரையில் கிணற்றின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய வால்வு அடுக்குதான் பி.ஓ.பி. எல்லாம் கைவிட்டுப் போனால் அதன் கத்தி பைப்பை வெட்டிக் கிணற்றை மூடிவிடும் என்று பாடத்தில் படிக்கிறோம். அதனால், நாம் கவனிக்கத் தவறினாலும் அது பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மக்கோண்டோவில் பைப் வளைந்து கத்தியின் நடுவிலிருந்து விலகியிருந்தது. முழுதாக வெட்டுப்படவில்லை. அதற்கும் முன்னால் வாயு பி.ஓ.பி.யைத் தாண்டி ரைசருக்குள் வந்துவிட்டது. 5,000 அடி ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல சுமார் 150 மடங்கு. அங்கே அடங்கிக் கிடக்கும் வாயு மேலே வர வர ஊதிப் பெருகும், கடைசிச் சில நூறு அடியில் பாய்ந்து வரும். எண்ணெய் அடிப்படையிலான மட் என்றால் வாயு அதில் கரைந்து ஒளிந்துகொள்ளவும் செய்யும். வாயு ரைசருக்குள் வந்த பிறகு கீழே எந்த வால்வை மூடினாலும் மேலே இருப்பது மேலேதான் வரும். அப்போது, ரைசரில் வருவதைத் திசைதிருப்பும் டைவர்ட்டரை நேராகக் கடல் பக்கம் திருப்ப வேண்டும். அன்று மட்டையும் வாயுவையும் பிரிக்கும் சின்னக் கலனுக்குத் திருப்பினார்கள். அது தாங்கவில்லை, வாயு ரிக் முழுக்கப் பரவியது.

பாட்டரி

அந்த பி.ஓ.பி.யை இயக்கும் இரண்டு கன்ட்ரோல் பெட்டிகளில் ஒன்றில் பாட்டரி தீர்ந்திருந்தது, இன்னொன்றில் வயர் மாற்றி இணைக்கப்பட்டிருந்தது. கழற்றிப் பாருங்கள்.

ஆழமில்லாத கடலின் பழக்கத்தை ஆழத்துக்கும் கொண்டுபோவது

மே மாதத் தொடக்கத்தில் சுமார் 100 டன் எடையுள்ள இரும்புக் கூண்டு ஒன்றைக் கசியும் குழாய்மேல் இறக்கினார்கள். ஆழம் குறைந்த கடலில் கைகொடுத்த உத்தி. இங்கே கடலடித் தண்ணீர் ஐஸ் மாதிரி குளிர், அழுத்தமும் மிக அதிகம். அந்தச் சூழலில் மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி போன்ற பொருள் உண்டாகும். அது கூண்டின் வாயை அடைத்தது. தண்ணீரைவிட லேசானது என்பதால் கூண்டையே மேலே தூக்கவும் பார்த்தது. ஜூன் மாதம் வேறு மூடி போட்டபோது மெத்தனால் செலுத்தி ஹைட்ரேட் கட்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நெருப்பு, புகை, அலை எல்லாவற்றுக்கும் பயிற்சி எடுக்கிறவர்கள், கடலடியில் வெப்பநிலை என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

எவ்வளவு கொட்டுகிறது என்பதைக் குறைத்துச் சொல்வது

முதலில் நாளுக்கு 1,000 பேரல் என்றார்கள். பிறகு 5,000. அரசின் விஞ்ஞானிகள் கடைசியாகக் கணக்கிட்டது, தொடக்கத்தில் நாளுக்கு 62,000 பேரல், மூடும் சமயத்தில் 53,000.

இதை வெறும் பத்திரிகைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மே கடைசியில் மேலிருந்து கனமான மட்டைச் செலுத்தி ஓட்டத்தை அடக்கப் பார்த்தார்கள். அந்த முறை ஒரு அளவு வேகம் வரைக்கும்தான் வேலை செய்யும். ஓட்டம் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது, முயற்சி தோற்றது. எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் எதைக் கொண்டு அடைப்பது? சட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே அபராதம் பேரல் கணக்கில்தான், அப்போது சாதாரணமாக 1,100 டாலர் வரை, பெரும் அலட்சியம் என்றால் 4,300 டாலர் வரை இருந்தது. எண் சின்னதாக இருந்தால் யாருக்கு லாபம் என்று தெரிகிறதல்லவா? ஓட்ட அளவு பற்றி அமெரிக்க காங்கிரஸுக்குத் தவறான தகவல் தந்ததற்காக, கிணற்றை நடத்திய பி.பி. நிறுவனம் 2012-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2015-ல் நீதிமன்றம் ஏற்ற கணக்கு, கடலில் கலந்தது 31.9 லட்சம் பேரல்.

புதியவர்கள் இதே காரியத்தைச் சின்ன அளவில் செய்கிறார்கள். டெக்கில் ஒரு டிரம் டீசல் சிந்தினால் பதிவேட்டில் அரை டிரம் ஆகிவிடுகிறது. தயவுசெய்து வேண்டாம்.

பழைய திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றுவது

மெக்சிகோ வளைகுடாவுக்கான பி.பி.யின் எண்ணெய்ச் சிதறல் திட்டத்தில் வால்ரஸைக் காப்பாற்றுவது எப்படி என்று எழுதியிருந்தது. வால்ரஸ் ஆர்க்டிக் பக்கத்து விலங்கு. அதை எழுதியவரும் படிக்கவில்லை, ஒப்புதல் தந்தவரும் படிக்கவில்லை.

இந்தியக் கடலில் எண்ணெய்ச் சிதறல் என்றால் கடலோரக் காவல்படைதான் ஒருங்கிணைக்கும். உங்கள் திட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

அனுமதி வந்துவிட்டது, பிறகென்ன

மக்கோண்டோவின் மூடும் திட்டத்துக்கு ஏப்ரல் 16-ஆம் தேதியே அனுமதி கிடைத்துவிட்டது. அனுமதி தந்த எம்.எம்.எஸ். என்ற அமெரிக்க அரசு அமைப்புதான் கிணறுகளின் ராயல்டியையும் வசூலித்தது, பாதுகாப்பையும் பார்த்தது. விபத்துக்குப் பிறகு அதைப் பிரித்தார்கள். 2011-ல் பாதுகாப்புக்கு பி.எஸ்.இ.இ. என்று தனி அமைப்பு வந்தது. நல்ல மாற்றம். ஆனாலும் ஒப்புதல் முத்திரை வைக்கிறவர் உங்கள் கேஜைப் பார்க்கவில்லை, நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மட் கணக்கு குழம்பும்போது வேலையைத் தொடர்வது

கிணற்றுக்குள் போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு. கிணறு பொங்குகிறதா என்பதை இந்தக் கணக்குதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அன்று மதியம் மட்டை டேங்குகளிலிருந்து பக்கத்துக் கப்பலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் டேங்க் அளவுகளைப் பின்தொடர்வது கஷ்டமாகிவிட்டது. இரவு 9:08-க்கு ஒரு சின்னச் சோதனைக்காகப் பம்புகளை நிறுத்தினார்கள். பம்ப் நின்றால் ட்ரில் பைப் பிரஷர் அப்படியே நிற்க வேண்டும். ஐந்தாறு நிமிடத்தில் சுமார் 250 பி.எஸ்.ஐ. ஏறியது. அது திரையில் இருந்தது. வெளியே வருகிற திரவத்தை நேராகக் கடலுக்குத் திருப்பிவிட்டதால் மட்டைக் கண்காணிக்கும் மட் லாகரின் அளவி வழியாக அது போகவில்லை. பம்புகளை மறுபடி ஓட்டினார்கள். 9:40 வாக்கில் ரிக் தரையில் மட் கொட்டியது. 9:49-க்கு முதல் வெடிப்பு.

எங்கள் ரிக்கில் நெகடிவ் டெஸ்ட் தொடங்கினால் கப்பலுக்கு மட் போகாது, டேங்குக்கு டேங்க் மாற்றமும் கிடையாது. கப்பல் கேப்டன் ரேடியோவில் எத்தனை தடவை கேட்டாலும் காத்திருக்கச் சொல்லுங்கள்.