ஐம்பதுகளின் ராக்கபில்லி நாயகனைத் திரைக்குத் தயார்செய்வது: முடியிலிருந்து தொடங்குங்கள்

ஐம்பதுகளின் அமெரிக்காவில் நடக்கும் ராக்கபில்லிப் படம் (ராக் அண்ட் ரோலும் கன்ட்ரி இசையும் கலந்த அன்றைய இளைஞர் இசை) என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது கறுப்புத் தோல் ஜாக்கெட்டை. அதை ஷூட்டிங்குக்கு முந்தின நாள்கூட வாடகைக்கு எடுத்துவிடலாம். முடியை அப்படி எடுக்க முடியாது. அது மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும். கிரீசர் தலைக்கு, அதாவது எண்ணெய்ப் பசை பூசிப் பின்னால் வாரிய அந்தக் கால அடங்காத இளைஞனின் தலைக்கு, முன்னுச்சியில் 13 முதல் 15 செ.மீ. வேண்டும், காதுக்குப் பின்னால் 8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஒட்ட வெட்டிய தலையோடு வரும் நடிகருக்குப் பத்துப் பன்னிரண்டு மாத அவகாசம் தேவை. அவ்வளவு நாள் இல்லையென்றால், நெற்றியோரம் வலைத்துணி வைத்துத் தைத்த, மனித முடியாலான விக் வாங்குங்கள். செயற்கை இழை விக்கில் ட்ரையர் சூடு பட்டால் இழை சுருங்கிவிடும்.

வெட்டும்போது பக்கங்களில் ட்ரிம்மர் போடவே கூடாது. கீழிருந்து மேலே படிப்படியாக அடர்த்தி கூடுகிற இன்றைய ‘ஃபேட்’ கட் எத்தனை அழகாக இருந்தாலும் இந்தத் தலைக்கு ஆகாது. பார்ப்பவர் கண்ணுக்கு உடனே 2010-களின் சலூன்தான் தெரியும். சீப்பின் மேல் கத்தரி வைத்து வெட்டச் சொல்லுங்கள். முடியை மெலிதாக்கும் பல் கத்தரியையும் தடுத்துவிடுங்கள். அது உள்ளே குட்டையாக விட்டுப்போகும் முனைகள் எண்ணெய்ப் பசையை மீறி முள் முள்ளாக நிற்கும், குளோசப்பில் அப்பட்டமாகத் தெரியும். கிருதா காதின் பாதி வரையாவது இறங்கட்டும்.

அடுத்தது பூசுகிற பொருள். ஜெல் வேண்டாம். ஜெல் காய்ந்து இறுகும். முதல் முறை சீப்பு விட்டதும் உடைந்து வெள்ளைத் துகளாக உதிரும். இந்தப் பாத்திரமோ காட்சிக்குக் காட்சி பையிலிருந்து சீப்பை உருவி வாருகிறவன். பெட்ரோலியம் ஜெல்லி கலந்த போமேட் என்ற முடிப் பசை காயவே காயாது. எத்தனை தடவை வாரினாலும் மறுபடி வடிவத்துக்கு வரும், முடி அசையும், நெற்றியில் ஒரு கற்றை தானாக விழும். அந்தக் காலத் தலையின் உயிரே இந்த அசைவில்தான் இருக்கிறது. போமேட்டுகளில், 1925 முதல் விற்பனையில் இருக்கும் மர்ரேஸ் கெட்டியானது, பிடித்து நிறுத்தும். ராயல் கிரவுன் இளகியது, பளபளப்பு தரும். 1928-இல் பிரிட்டனில் வந்த பிரில்கிரீம் என்ற முடிக் கிரீம் இரண்டையும்விட லேசானது; பள்ளிக்கூட வாத்தியாருக்கும் நல்ல பிள்ளைகளுக்கும் அதைப் பூசுங்கள்.

ஷூட்டிங் அன்று காலையில் ஷாம்பு போடாதீர்கள். முந்தின நாள் கழுவிய முடிதான் பிடி கொடுக்கும். லேசாக ஈரப்படுத்தி, முன்முடியை வேரிலிருந்து மேல்நோக்கித் தூக்கி ட்ரையரால் உலர்த்துங்கள். உயரம் கிடைப்பது இந்த இடத்தில்தான். இதை அவசரமாக முடித்துவிட்டு, பிறகு போமேட்டை அள்ளி அப்பி உயரத்தை வரவைக்கப் பார்த்தால், எடை தாங்காமல் அரைமணியில் நடுவில் பிளந்து சரியும். நன்றாகச் சுருண்ட முடியுள்ளவரை வலிந்து நேராக்க வேண்டியதில்லை. பக்கங்களை மட்டும் படியவைத்து, முன்னால் சுருளை அப்படியே விடுங்கள். நெற்றியில் புரளும் சுருள் அன்றும் உண்டு.

மர்ரேஸ் டப்பாவில் கல்போல இருக்கும். ட்ரையரால் பத்து விநாடி சூடுகாட்டி, மொச்சைக்கொட்டை அளவு எடுத்து, உள்ளங்கையில் பசை கோடாகத் தெரியாமல் போகும்வரை தேயுங்கள். முதலில் பக்கங்கள், பிறகு பின்பக்கம், கையில் மிச்சம் இருப்பதை மட்டும் முன்முடிக்கு. வரிசையை மாற்றினால் பசை முழுவதும் முன்னால் இறங்கிவிடும். பக்கங்களைக் காதுக்கு மேலாகப் பின்னோக்கி வாரி, இரண்டும் பின்மண்டையில் சந்திக்கும் இடத்தில் சீப்பின் ஓரப் பல்லால் பிடரி வரை செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். பின்மண்டையின் இந்த வடிவத்துக்குத்தான் ‘வாத்துவால்’ என்று பெயர். பின் முழு முன்முடியையும் நெற்றிமேல் கீழே வாரி இறக்கி, இடது விரல்களை அடியில் கொடுத்து மேலே சுருட்டித் தூக்கி, சீப்பால் மேற்பரப்பை மட்டும் பின்னால் தள்ளுங்கள். பளபளப்புக்குக் கடைசியாகச் சுண்டைக்காய் அளவு ராயல் கிரவுன் போதும்.

கெடுவது பெரும்பாலும் சூட்டால். விளக்குக்கு அடியிலோ வெயிலிலோ பெட்ரோலியம் ஜெல்லி இளகி நெற்றிக்கு வழியும், மேக்கப்பைக் கரைக்கும். டேக்குகளுக்கு நடுவே நடிகரை நிழலில் உட்காரவையுங்கள். நெற்றியோரத்தை டிஷ்யூவால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். ஒவ்வொரு காட்சி முடிவிலும் முன், பின், இரு பக்கம் என நாலு படம் எடுத்து வையுங்கள். சண்டைக் காட்சியில் எந்தக் கற்றை எந்தப் பக்கம் விழுந்தது என்பது படம் இல்லாமல் யாருக்கும் நினைவிருக்காது.

உடையில் ஜீன்ஸ்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். நீட்சித் துணி வேண்டாம். துணியை நீளவைக்கும் ஸ்பான்டெக்ஸ் இழையே 1958-இல்தான் டியூபான்ட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. முழுப் பருத்தி, 12 முதல் 14 அவுன்ஸ் டெனிம், தொடையில் செயற்கை வெளுப்பு இல்லாமல், இடுப்பு உயரமாக, கால் நேராக. கீழே 5 செ.மீ.க்கு மேல் மடித்துவிடுங்கள், உட்புறக் கரை தெரியட்டும். லீவைஸ் 501 போடுவதானால் பின்பாக்கெட்டின் வெளியே செப்புக் குமிழ் இருக்கக் கூடாது. 1937-க்குப் பிறகு ஐம்பதுகள் முழுக்க அவை உள்ளே மறைத்து அடிக்கப்பட்டன. டி-ஷர்ட் வெள்ளை, எழுத்து எதுவும் இல்லாதது, கை இரண்டு மடிப்பு.

ஜாக்கெட்டை எல்லோருக்கும் மாட்டாதீர்கள். சாய்வு ஜிப் வைத்த ‘பெர்ஃபெக்டோ’ தோல் ஜாக்கெட்டை ஷாட் நிறுவனம் 1928-லேயே கொண்டுவந்துவிட்டது. 1953-இல் ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோ போட்ட பிறகே அந்த வடிவம் அடங்காத இளைஞனின் அடையாளமானது. ஆனால் அது மலிவான பொருள் இல்லை. கும்பலில் ஒருவருக்கோ இருவருக்கோ தோல், மற்றவர்களுக்கு டெனிமோ துணி ஜாக்கெட்டோ போதும். 1955-இல் நடிகர் ஜேம்ஸ் டீன் திரையில் போட்டதும் சிவப்புத் துணி ஜாக்கெட்தான். புதுத் தோல் பளிச்சென்று தெரிந்தால், முழங்கை, காலர் மடிப்பு, பாக்கெட் விளிம்பு மூன்றையும் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பழைய தோல்களில் மேல்கறுப்பு தேய்ந்தால் அடியில் பழுப்பு தெரிவது வழக்கம். உங்கள் ஜாக்கெட் உள்ளும் புறமும் கறுப்பானால், தேய்த்த இடத்தில் தண்ணீராகக் கரைத்த பழுப்பு அக்ரிலிக்கை ஒற்றி எடுங்கள்.

மடித்த சட்டைக்கையில் சிகரெட் பெட்டி செருகுவதாக இருந்தால் எச்சரிக்கை வாசகத்தை மறைத்தாக வேண்டும். அமெரிக்காவில் அது பெட்டியில் ஏறியது 1966-இல்.

பேக்கப் ஆனதும் நடிகர் நேரே தண்ணீரில் நின்றால் போமேட் போகாது, இன்னும் பிசுபிசுக்கும். உலர்ந்த தலையிலேயே தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் படாமல் ஷாம்புவைப் பூசிப் பிசைந்து, அதன்பின் வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டாவது ஷாம்புவில்தான் நுரை வரும். கொஞ்சம் பசை மிஞ்சியிருந்தால் விட்டுவிடுங்கள், மறுநாள் காலை அதுவே பிடிமானம்.