மொட்டை மாடியில் ஒரு பல்பு, மேலே ஆண்ட்ரோமெடா

கார்த்திகை மாதம் இரவு எட்டு, ஒன்பது மணிவாக்கில் அழகர்கோவில் ரோட்டில் மதுரை வெளிச்சத்தைத் தாண்டிப் போய், வடக்கே அண்ணாந்து பாருங்கள். நிலா இல்லாவிட்டால் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு மங்கல் தெரியும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, 25 லட்சம் ஒளியாண்டு தூரம். அதை எப்படி அளந்தார்கள் என்பதை மாடியிலேயே செய்து பார்த்துவிடலாம்.

தேவை: 9 வாட் எல்இடி பல்பு, ஜங்ஷன் பாக்ஸ், டேப், போனில் லக்ஸ் மீட்டர் ஆப், குறும்பு செய்யாத ஓர் ஆள். கடைசி அயிட்டம் எனக்குக் கிடைக்கவில்லை.

படி 1: மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பல்பிலிருந்து 1 மீட்டரில் போனைப் பிடியுங்கள். எனக்கு 72 லக்ஸ் காட்டியது. 2 மீட்டரில் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? 19தான் வந்தது. கணக்குப்படி 18, மிச்சம் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பட்டு வந்த வெளிச்சம். ஒரே கரண்டி மாவை இரண்டு மடங்கு அகலத்துக்கு இழுத்தால் தோசையின் கனம் கால்வாசி ஆகிவிடும் இல்லையா, அதேதான்.

படி 2: அக்கா மகனை இருட்டில் எங்காவது பல்போடு நிற்கச் சொன்னேன். 2 லக்ஸ். 72-ஐ 2-ஆல் வகுத்தால் 36, வர்க்கமூலம் 6. டேப்பும் 6 மீட்டர் என்றது.

படி 3: மறுபடி அளந்தால் 1.1 லக்ஸ். கணக்கு 8 மீட்டர் சொல்கிறது, டேப் அதே 6-ல் நிற்கிறது. பயல் 5 வாட் பல்பை மாட்டியிருக்கிறான்! "பல்பு எதுன்னு நீங்க கேக்கவே இல்லையே மாமா" என்கிறான்.

படி 4: ஆக, வானத்துப் பல்பின் வாட் தெரிய வேண்டும். தெப்பக்குளக் கரையில் நின்று மைய மண்டபத்து விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரம். பளிச்சென்று எரிவதுதான் நிஜமாகவே பெரிய பல்பு. வானியலாளர் ஹென்ரியெட்டா லெவிட் 1912-ல் சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துக் குட்டி கேலக்ஸியிலுள்ள 25 செஃபீட்களை, அதாவது சீராக மங்கிப் பிரகாசிக்கும் விண்மீன்களை, இப்படித்தான் ஒப்பிட்டார். மங்கிப் பிரகாசிக்கும் சுற்று எவ்வளவு நீளமோ, அவ்வளவு ஒளி அதிகம். சுற்றுக்கு எத்தனை நாள் என்று எண்ணினால் வாட் கிடைத்துவிடும். பக்கத்தில் உள்ள சில செஃபீட்களின் தூரம் வேறு வழியில் தெரிந்தால் அளவுகோல் தயார்.

1923-ல் வானியலாளர் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் 31 நாள் சுற்றுள்ள செஃபீட் ஒன்றைப் பிடித்தார். அவருக்கு வந்த விடை சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. செஃபீட்களில் இரண்டு ரகம் இருப்பது அப்போது தெரியாது. என் கதைக்குத் தலைகீழ்: அங்கே எரிந்தது நினைத்ததைவிடப் பெரிய பல்பு. இன்னொரு வானியலாளர் வால்டர் பாடே 1952-ல் ரகம் பிரித்துச் சொன்னதும் தூரம் இரண்டு மடங்கானது.

படி 5: ரொம்பத் தூரத்தில் செஃபீட் தெரியாது. அங்கே 1ஏ வகை சூப்பர்நோவாதான் பல்பு: வெடித்துச் சிதறும் விண்மீன், உச்சத்தில் எல்லாமே ஏறக்குறைய ஒரே வாட். விண்மீனின் ஒளியைப் பொலிவெண்ணில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய ஒளி அதிகம். 10 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தூரத்தில் வைத்துப் பார்த்தால் வருவது அசல் பொலிவெண். இதன் உச்ச ஒளிக்கு அது சுமார் -19.3. 2011-ல் எம்101 கேலக்ஸியில் வெடித்தது பூமியிலிருந்து பார்க்கையில் 9.9 வரை வந்தது. வித்தியாசம் 29.2. வானியலாளர்களின் சூத்திரப்படி அதோடு 5 கூட்டி 5-ஆல் வகுத்தால் 6.84. பத்தின் அடுக்காகப் போட்டால் 69 லட்சம் பார்செக், அதாவது சுமார் 2.25 கோடி ஒளியாண்டு. அதே கேலக்ஸிக்கு செஃபீட் வழியில் வந்த விடை 2.1 கோடி. மாடியிலேயே தொட்டிச் சுவர் எனக்குக் கோளாறு செய்தது; இவ்வளவு தூரத்துக்கு இது பரவாயில்லை.