ஏற்காட்டில் கூடாரமிட்டுத் தங்க விரும்பும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு

பொங்கலை ஒட்டித் தாயகம் வரும் உறவினர் பலர், சேலத்தில் நான்கு நாள் விருந்துண்டு களைத்தபின், ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க ஆசைப்படுகிறார்கள். டொரொண்டோவிலும் ஓஸ்லோவிலும் உறைபனியில் நடந்து பழகியவர்களுக்கு நம் மலைக்குளிர் சிரிப்பாகவே தோன்றும். அந்த அலட்சியத்தில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் ஆறு டிகிரி அளவுக்குக் காற்று குளிரும் என்பதால், கீழே மின்விசிறி சுற்றும் ஜனவரி இரவில் மேலே 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். இந்த எண் உங்களை அச்சுறுத்தாது. ஆனால் கனடாவின் குளிர் வறண்டது. இங்கே ஈரம் கலந்தது. வடகிழக்குப் பருவமழை ஊறிய மண்ணிலிருந்து எழும் மூடுபனி விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறத்திலேயே நீர்த்துளிகளாகக் கோத்து நிற்கும். கனடாவிலிருந்து வந்த என் சித்தப்பா மகள், இறகு அடைத்த விலையுயர்ந்த ஜாக்கெட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள். காலையில் அது நனைந்த தலையணையாகச் சுருங்கிக் கிடந்தது. அதன்பின் அவளைக் காப்பாற்றியது எங்கள் அத்தையின் பழைய கம்பளி ஸ்வெட்டர்தான். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், இறகு தராது. மாற்றுக் காலுறைகளையும் ஒரு மங்கி குல்லாவையும் தண்ணீர் புகாத பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்தைப் பள்ளத்தில் அடிக்காதீர்கள். குளிர்ந்த காற்று இரவில் சரிவிறங்கித் தாழ்வான இடத்தில்தான் தேங்கும்.

டிசம்பரில் வருவோர் புயல் செய்திகளையும் கவனிக்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் பெய்த மழையில், இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து தடைபட்டது. விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவை மலைமேல் கழிக்காமலிருப்பது நல்லது.

இனி விலங்குகள். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் நீங்கள் அஞ்ச வேண்டியது கரடி அல்ல, காட்டெருமை. பெயர் அப்படி வழங்கினாலும் அது எருமை இனம் அன்று, மாட்டினம். சங்கப் புலவர்கள் ‘ஆமா’ என்றது இதைத்தான் என்று கருதுவோர் உண்டு. வளர்ந்த காளை ஆறடி உயரம் வரை நிற்கும். எடை ஆயிரம் கிலோவை எட்டக்கூடும். காப்பிச் செடிகளுக்கு இடையே கரும்பாறை போல அசையாமல் நிற்பதைப் பனிமூட்டத்தில் பலரும் முதலில் கவனிப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்ததுபோன்ற நிறமும், மூக்கிலிருந்து வெளிவரும் ஆவியும்தான் முதலில் கண்ணில் படும். அது உங்களைப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடலையும் காட்டினால், புகைப்படத்துக்கு நிற்கிறது என்று எண்ண வேண்டாம்; தன் பருமனைக் காட்டி எச்சரிக்கிறது. முதுகைக் காட்டி ஓடாமல், மெதுவாகப் பின்வாங்கி, ஒரு மரத்தையோ வாகனத்தையோ இடையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாக மேய்பவற்றைவிடத் தனித்து அலையும் காளை அதிக ஆபத்தானது. இரவில் கழிப்பறைக்குச் செல்வதானால், கூடாரத்தின் வாயிலைத் திறந்தவுடன் டார்ச் ஒளியை நாலாபுறமும் வீசிப் பார்த்தபின் வெளியே கால் வையுங்கள். வாழைப்பழத் தோல், பிஸ்கட் என எதையும் வெளியில் விட வேண்டாம். இரவில் மாடு வராவிட்டாலும் காலையில் குரங்கு வரும்.

குளிர்காலத்துக்கே உரிய விருந்தினரும் உண்டு. இமயமலை அடிவாரத்தில் கூடுகட்டி, குளிருக்குத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி, விடியலிலும் அந்தியிலும் மரநிழலில் இரண்டு சீழ்க்கையாகக் கூவும். சருகைக் கிளறி இரை தேடுவதால் கண்ணில் படுவது அரிது. காத்திருக்கும் பொறுமை இல்லாதவர்களுக்குத் தோட்டப்பாதையில் வாலாட்டிக்குருவி போதும்.

தொலைநோக்கியைத் தாராளமாகக் கொண்டுவரலாம். சாட்டிலைட் தொடர்புக் கருவிகளைக் கொண்டுவராதீர்கள். மேலைநாட்டு மலையேறிகள் இயல்பாகப் பையில் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்றவற்றுக்கு இந்தியாவில் முன்அனுமதி தேவை; அதில்லாமல் வைத்திருந்த வெளிநாட்டவர்கள் 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். டிரோன் இறக்குமதிக்கும் 2022 முதல் தடை உள்ளது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் விடுதி நடத்துபவர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், கடவுச்சீட்டு, விசா நகல்களைக் கையில் வைத்திருங்கள். காப்புக்காட்டுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி கட்டாயம்.

கடைசியாக, கண்ணுக்கே தெரியாத ஓர் உயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாளிதழ்கள் ‘உண்ணிக்காய்ச்சல்’ என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸ், புதரிலும் புல்லிலும் வாழும் ‘மைட்’ எனப்படும் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. தமிழ்நாட்டில் குளிர்மாதங்களில் இது அதிகம் தென்படும். வெறுந்தரையில் படுக்காதீர்கள், துணிகளைச் செடிமேல் காயப்போடாதீர்கள், முழுக்கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்குவதால், அப்போது நீங்கள் உங்கள் ஊரில் இருப்பீர்கள். சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த வடு அக்குளிலோ இடுப்பிலோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வடு எல்லோருக்கும் வருவதில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற எளிய மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான் இது; ஆனால் லண்டனிலோ மான்ட்ரியலிலோ உள்ள மருத்துவருக்கு அது சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். ஆகவே, தென்னிந்திய மலைக்காட்டில் கூடாரத்தில் தங்கியதை அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.