ஸ்பனரைப் பறிக்காதீர்கள்: தொண்டர் சைக்கிள் பட்டறையில் நாம் செய்யும் தவறுகள்

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் தொண்டர்கள் நடத்தும் சைக்கிள் பட்டறை ஒன்றில் வியாழக்கிழமை மாலைகளில் நிற்கிறேன். வருபவர்கள் தங்கள் சைக்கிளைத் தாங்களே திருத்தப் பழகும் இடம் அது. நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு தம்பி வந்தார். படிக்க வந்த பிள்ளை. இரவில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. செயின் அடிக்கடி கழன்று விழுகிறது என்றார். வாங்கி ஸ்டாண்டில் ஏற்றினேன், செயின் பல்லைத் தாண்டி விழாமல் தடுக்கும், கியரின் எல்லைத் திருகாணிகளைச் சரிசெய்தேன், பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தேன். நன்றி சொல்லிப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். இடையில் ஒரு மழை இரவில் செயின் கழன்றிருக்கிறது. அதைத் திரும்ப மாட்டத் தெரியாமல், சைக்கிளை உருட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் வீட்டுக்கு நடந்திருக்கிறார்.

"அண்டைக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது அண்ணை. தெரிஞ்சிருந்தா நானே போட்டிருப்பன்."

குறை சொல்லும் குரலே இல்லை. அதனால்தான் அந்தச் சொல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கழன்ற செயினை மாட்ட ஒரு நிமிடம் போதும். பின்கியரில் தொங்கும் கையை முன்பக்கம் தள்ளினால் செயின் தளரும். தளர்ந்த செயினை முன்பல்லுச் சக்கரத்தின் அடிப்பற்களில் கொளுவி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் அது தானாக ஏறிக்கொள்ளும். முதல் நாளே அவர் கையால் இரண்டு தடவை இதைச் செய்ய வைத்திருந்தால் அந்த நடை இருந்திராது.

புதிதாகச் சேரும் தொண்டர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தவறைத்தான். நமக்கு வேலை தெரிந்திருப்பதே இங்கே ஆபத்து.

இப்படியான பட்டறைகள் வட அமெரிக்காவில் நெடுநாளாக இருக்கின்றன. 'பைக்ஸ் நொட் பொம்ப்ஸ்' என்ற அமைப்பு 1984இல் தொடங்கியது. லொஸ் ஏஞ்சலிசில் 2002இல் உருவான ஒன்றுக்கு 'பைசிக்கிள் கிச்சன்' என்றே பெயர்; ஒரு குடியிருப்பின் சமையலறையில்தான் ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். சமையலை யாரும் வகுப்பெடுத்துப் படிப்பிப்பதில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, உப்புப் போட்டு, பிழைவிட்டு, பிறகுதான் கை பழகும்.

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலம். ஊரே சைக்கிளில் ஓடியது. பற்றரி கிடைக்காததால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். எங்கள் சந்தியில் இருந்த சைக்கிள் கடை ஐயா, ஒட்டுப்போடக் கொண்டுபோன எந்தப் பொடியனையும் சும்மா நிற்க விடமாட்டார். "ரியூப்பைத் தண்ணிக்குள்ள அமத்து, குமிழி எங்க வருது எண்டு பார்" என்பார். பத்து வயதில் எங்களுக்கு ஒட்டுப்போடத் தெரிந்தது அவரால்தான்.

கையும் வாயும் செய்யும் தவறுகள்

வந்தவர் திணறும்போது ஸ்பனர் நம்மை அறியாமலே நம் கைக்கு வந்துவிடும். எங்கள் பட்டறையில் புதியவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு: விளக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் மிகவும் கஷ்டமாக இருக்கும். துருப்பிடித்த ஆணி அவர்கள் பலத்துக்கு அசையாவிட்டால் நாம் பிடிக்கலாம். ஆனால் கால் சுற்று இளக்கியதும் ஸ்பனரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"இது சுகமான வேலை" என்று சொல்லாதீர்கள். தைரியம் கொடுக்கத்தான் சொல்கிறோம். ஆனால் இருபது நிமிடம் ஒரு ரயரோடு போராடியவருக்கு, சுகமான வேலையே எனக்கு வரவில்லை என்றுதான் அது கேட்கும். "இந்த ரயர் இறுக்கமானது, எனக்கும் கை நோகும்" என்று உண்மையைச் சொன்னால் அவர் இன்னொரு முறை முயல்வார்.

ஒரு பெண் தன் சைக்கிளோடு வருவார். கூடவே கணவரோ அண்ணனோ வந்திருப்பார். கேள்வி கேட்டது அந்தப் பெண், நாம் பதில் சொல்வது பக்கத்தில் நிற்கும் ஆணுக்கு. இதை நானும் செய்திருக்கிறேன். ஒரு சக தொண்டர் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. சைக்கிளின் சொந்தக்காரர் யாரோ அவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் சைக்கிள் என்றால் அந்தப் பிள்ளையிடம்தான். பிள்ளைகளின் சின்ன விரல்கள் பெரியவர்களின் விரல் நுழையாத இடத்துக்குள் போகும் என்பதும் அனுபவத்தில் கண்டது.

இரும்பில் செய்யும் தவறுகள்

தொழில்நுட்பத் தவறுகளில் அதிகம் சேதம் செய்வது இடது பெடல். வலது பெடலின் மரை வழமையானது, இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. இது தெரியாமல் இடப்பக்கம் பெடலை இளக்குகிறேன் என்று இன்னும் இறுக்குபவர்கள் உண்டு. அதைவிடக் கொடுமை, வலது பெடலை இடப்பக்கம் வலிந்து ஏற்றுவது. பெடலின் அச்சு உருக்கு, பெடலைத் தாங்கும் கையான கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். அலுமினிய மரை அப்படியே வழித்துக்கொண்டு போய்விடும். பெடலில் 'எல்', 'ஆர்' என்று குறித்திருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். திசையை மனப்பாடம் செய்யவும் தேவையில்லை. எந்தப் பக்கமானாலும் ஸ்பனரின் பிடி மேலே நிற்கும்படி கொளுவி, பின்சில்லை நோக்கித் தள்ளினால் இளகும். முதல் இரண்டு மூன்று சுற்றை விரலால் மட்டும் ஏற்றுங்கள். விரலுக்கு வராததை ஸ்பனரால் ஏற்றக்கூடாது.

அடுத்தது ரயர் அளவு. "26 இஞ்சி ரயர் வேணும்" என்று கேட்டால் 26 என்று எழுதிய எதையும் எடுத்துக் கொடுத்துவிடக்கூடாது. தசமத்தில் எழுதிய 26 × 1.75 பொருந்தும் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீற்றர். பின்னத்தில் எழுதிய 26 × 1⅜ பொருந்துவது 590க்கு. ஊரில் நாங்கள் ஓடிய பழைய கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ ரயர் 635. இங்கே 28 என்று எழுதிவரும் ரயர்களில் பெரும்பாலானவை 622. ரயரின் பக்கச் சுவரில் 47-559 என்பதுபோல் ஒரு சோடி எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது விட்டம். அந்த இரண்டாவது எண்ணை மட்டும் நம்புங்கள். ஒருமுறை 590 ரயரை 559 ரிம்மில் போட்டு, ஏன் நழுவுகிறது என்று ஒரு மணித்தியாலம் நானும் இன்னொருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். வந்த மனிதர் பொறுமையாகக் காத்திருந்தார்.

பஞ்சர் ஒட்டும்போது இரண்டு இடத்தில் அவசரப்படுகிறோம். சொலூஷன் என்னும் பசையைப் பூசியதும் ஒட்டுத் துண்டை வைப்பது ஒன்று. அது தொட்டால் ஈரமாக ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும்; ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். மற்றது, குத்தியது எது என்று தேடாமல் ரியூப்பை மாற்றிவிடுவது. கண்ணாடித் துண்டு ரயருக்குள்ளேயே இருந்தால் வீதி முனைக்குப் போக முன்னரே காற்றுப் போய்விடும். ரயரின் உட்புறத்தைத் துணியாலோ, மிக மெதுவாக விரலாலோ சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் குத்தியது எதுவுமில்லை. காற்றுக் குறைவாக ஓடி, ரிம்மில் ரியூப் நசிந்திருக்கிறது. அவருக்குத் தேவை காற்றடிக்கும் பழக்கம்.

டபிள்யூ.டி.-40ஐ செயின் எண்ணெயாக நினைப்பதும் பரவலான தவறு. அந்தப் பெயரே ஈரத்தை விலக்கும் கலவையின் நாற்பதாவது முயற்சி என்பதைக் குறிப்பது. துருவை இளக்க அது நல்லது. செயினில் அடித்தால் இருந்த எண்ணெயையும் கழுவிவிட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடும். செயினுக்கென்ற எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி விட்டு, பெடலைச் சுற்றி, வெளியில் நிற்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்தெடுங்கள். ரொறொன்ரோவில் மாரிகாலத்தில் வீதிக்குப் போடும் உப்பு செயினை ஒரே பருவத்தில் தின்றுவிடும் என்பதால், இங்கே துடைப்பது எண்ணெய் விடுவதைவிட முக்கியம். ஸ்பிரே எதையும் டிஸ்க் பிரேக்கின் பக்கத்தில் அடிக்காதீர்கள். தட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது; பிரேக் கட்டையையும் பெரும்பாலும் மாற்ற வேண்டிவரும்.

தேய்ந்த செயினைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. அடிமட்டத்தின் பூச்சியத்தைச் செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசி ஒன்றில் வையுங்கள். புதிய செயினில் 12 இஞ்சிக்கு இன்னோர் ஊசி சரியாக வரும். பதினாறில் ஒரு இஞ்சி தள்ளி வந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு இஞ்சி தள்ளிவிட்டால் பின்பற்களும் போயிருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது வழுக்கும்.

வாசலில் வருவதையெல்லாம் எடுக்காதீர்கள்

நன்கொடையை மறுக்க மனம் வராது. ஆனால் பட்டறை மூச்சுவிட முடியாமல் போவது இதனால்தான். பிரேம் வெடித்தது, முன்சில்லைத் தாங்கும் முன்கவை வளைந்தது எல்லாம் வந்து குவியும். எடுக்கும் அன்றே முடிவு செய்ய வேண்டும்: ஓடவைக்கலாமா, கழற்றி உதிரிப்பாகம் எடுப்பதா, பழைய இரும்புக்கா. பிறகு பார்ப்போம் என்று ஓரத்தில் சாத்தியது அங்கேயே இருக்கும்.

மின்சைக்கிள் பற்றரியை நாங்கள் எடுப்பதே இல்லை. அடிபட்ட, வரலாறு தெரியாத லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் மேல்மாடியில் இருக்கும் குடும்பங்களுக்கு என்ன ஆகும் என்பதை நினைத்து எடுத்த முடிவு.

சீரியல் எண்ணைப் பார்க்காமல் எடுப்பதும் பெரிய தவறு. இரண்டு கிராங்கையும் இணைக்கும் அச்சு போகும் உருளைக்கு அடியில் பெரும்பாலும் அந்த எண் பொறித்திருக்கும். 2008இல் ரொறொன்ரோவில் பழைய சைக்கிள் விற்ற ஒரு கடைக்காரர் கைதானபோது பொலிசார் மீட்டவை கிட்டத்தட்ட 3,000 சைக்கிள்கள். தங்கள் சைக்கிளைத் தேடி சனம் வரிசையில் நின்றது. திருட்டுப் பதிவுகளில் எண்ணைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம்தான். கொண்டுவந்தவரைச் சந்தேகப்படுகிறோம் என்று அவர் நினைக்காமல் இருக்க, எல்லாரிடமும் ஒரே மாதிரிச் செய்யுங்கள்.

வெளியே விட முன்னர்

கியர் வேலைக்கு வந்தவர் கியர் சரியானதும் போய்விடுவார். நாமும் விட்டுவிடுவோம். ஆனால் அந்தச் சைக்கிளின் முன்சில்லு இறுக்கப்படாமல் இருக்கலாம். சில்லைப் பூட்டும் விரைவு நெம்புகோலைத் திருகாணி போலச் சுற்றி இறுக்கி வைத்திருப்பவர்களை வாராவாரம் காண்கிறேன். அது சுற்றி இறுக்குவதல்ல, மடக்கி மூடுவது. மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். மலிவுக் கடையில் பூட்டி வாங்கிய சைக்கிளில் முன்கவையே பின்பக்கம் திரும்பியிருந்ததை இரண்டு முறை கண்டிருக்கிறேன். எந்த வேலைக்கு வந்தாலும் காற்று, பிரேக், செயின், இரண்டு சில்லு, ஹாண்டில் ஆகியவற்றை அவர் கையாலேயே சோதிக்க வைத்து அனுப்புங்கள். மணியும், இரவில் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ ஒளி பிரதிபலிப்பானோ ஒன்ராறியோ சட்டப்படி வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெற் கட்டாயம். விழுந்து அடிபட்ட பழைய ஹெல்மெற்றை நன்கொடையாக வாங்கி யாருக்கும் கொடுக்காதீர்கள். உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசிந்தால் அதோடு சரி.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இயன்றதைக் கொடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம். பெட்டியைக் கதவருகே வைப்பதுதான் சரி. தொண்டரின் கைக்குக் கொடுக்க வைத்தால், இல்லாதவர் அடுத்த முறை வரமாட்டார்.

கடைசித் தவறு கடிகாரத்தோடு சம்பந்தப்பட்டது. நாங்கள் ஒன்பது மணிக்குப் பூட்டுகிறோம். எட்டரைக்கு ஒருவர் வந்து பின்அச்சைப் பிரிக்கலாமா என்றால், ஆசையில் ஓம் என்றுவிடுவோம். ஒன்பதுக்கு அச்சுக்குள் இருந்த சின்ன இரும்புக் குண்டுகள் மேசையில் கிடக்கும், அவர் வீட்டுக்குப் போக வழியிருக்காது. எட்டு மணிக்குப் பிறகு காற்று, எண்ணெய், பிரேக் இறுக்குதல் மட்டும். அதற்கு முன் பிரித்தது முடியாமல் நின்றால், பிரித்த ஒழுங்கைப் போனில் படம் எடுத்து, ஆணி, வளையம், குண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பெயரும் திகதியும் எழுதி ஹாண்டிலில் கட்டிவிடுங்கள். அவருக்கு ஒரு பஸ் ரிக்கற் கொடுங்கள். பிறகு சுவரில் வரைந்த கோட்டு உருவங்களுக்குள் ஒவ்வொரு கருவியாகத் தொங்கவிட்டு, 15 மில்லிமீற்றர் பெடல் ஸ்பனர் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள்.