க்ராலருக்கு மோட்டர் தேடுறீங்களா? மொதல்ல பினியன் பல்ல எண்ணுங்க

சுங்கை சிப்புட்ல எங்க செட்டு ஞாயித்துக்கிழம காலையில பசியாறிட்டு ஆளுக்கொரு காடிய கையில தூக்கிக்கிட்டு, செம்பனை தோட்டத்துக்கு பின்னால இருக்கற ஆத்தோர பாறைக்கு போயிடுவோம். காடின்னா பெரிய காடி இல்ல, 1/10 சைஸ் ஆர்சி ராக் க்ராலர், அதாவது ரிமோட் வச்சு பாறை மேல மெதுவா ஏத்தற குட்டி காடி. புதுசா சேர்ற தம்பிங்க எல்லாம் ரெண்டாவது வாரமே வந்து கேக்கறது ஒண்ணுதான்: "அண்ணே, நல்ல பவரா எந்த மோட்டர் போடலாம்?" நான் திருப்பி கேப்பேன், இப்ப உன் காடில பினியன், அதாவது மோட்டர் முனைல இருக்கற சின்ன கியர், எத்தன பல்லுன்னு. தெரியாதும்பாங்க. அதனாலதான் இத எழுத உக்காந்தேன்.

எனக்கும் அப்ப தெரியாதுதான். மொத க்ராலர் வாங்குன மூணாவது வாரம் பவர் பவர்னு தேடி ஒரு 12 டி மோட்டர வாங்கி மாட்டிட்டேன். லயத்துக்கு முன்னாடி திடல்ல விட்டா எலி மாதிரி ஓடுது, பசங்க கைதட்டுறானுங்க, எனக்கு பெரும தாங்கல. பாறைக்கு கொண்டு போனா ட்ரிக்கர கொஞ்சம் தொட்டா அசையல, இன்னும் கொஞ்சம் தொட்டா அப்பவும் அசையல, அதுக்கு மேல ஒரு மயிரிழ அழுத்துனா சடார்னு பாஞ்சு மல்லாக்க விழுது. நாலஞ்சு தடவ அப்படி முக்க விட்டதுல ப்ளாஸ்டிக் கருகுற வாசம் வந்துச்சு, ஈஎஸ்சி, அதாவது மோட்டருக்கு போற கரண்ட்ட கட்டுப்படுத்தற பெட்டி, போச்சு. பக்கத்துல நின்ன எங்கப்பா, "குலை ஏத்துன லோரிய மூணாவது கியர்ல மேட்டுல ஏத்துனா வேற என்னடா ஆகும்"னு கேட்டுட்டு வீட்டுக்கு நடந்துட்டாரு. அவரு தோட்டத்து லோரி ஓட்டுனவரு.

டி நம்பர் என்ன சொல்லுது

மோட்டர் மேல 35 டி, 45 டி, 55 டின்னு போட்டிருக்கும்ல, அது உள்ள சுத்தற ஆர்மேச்சர்ல ஒவ்வொரு கைலயும் கம்பிய எத்தன சுத்து சுத்திருக்காங்கங்கற கணக்கு. சுத்து கூடுனா வேகம் கொறையும், அதே கரண்ட்டுக்கு இழுக்கற பலம் கூடும். சுத்து கொறஞ்சா வேகம் கூடும், ஆனா பாறைல முட்டி நிக்கும்போது கரண்ட்ட அள்ளி குடிக்கும். அப்ப நம்பர் பெருசா இருந்தா மெதுவான மோட்டர்னு மனசுல வச்சுக்குங்க, கடையில நின்னா இது தலகீழா தோணும்.

மோட்டர் மாத்துறதுக்கு முன்னாடி இத செஞ்சு பாருங்க. மோட்டர் ஷாஃப்ட்ல இருக்கற சின்ன கியர்தான் பினியன், அது கடிக்கற பெரிய கியர் ஸ்பர். ரெண்டுலயும் பல்ல எண்ணுங்க. ஸ்பர் 56, பினியன் 15ன்னா 56ஐ 15ஆல வகுத்தா 3.73. பினியன மட்டும் 11 ஆக்குனா 5.09. மோட்டர் அதேதான், பேட்ரி அதேதான், ஆனா வீலுக்கு போற பலம் மூணுல ஒரு பங்குக்கு மேல கூடிடுச்சு, மோட்டர் சூடும் கொறையும். டாப் ஸ்பீடு கால்வாசிக்கு மேல போயிடும்தான், பாறைல அத வச்சு என்ன பண்ண போறீங்க? பினியன் ஒண்ணு ரெண்டு பேரு ரொட்டி சானாய் சாப்பிடற காசுக்கு கெடைக்கும். என் கணக்குல பாதி பேருக்கு வேல இதோட முடிஞ்சிரும்.

பினியன் வாங்கும்போது பிட்ச் பாத்து வாங்குங்க, அதாவது பல்லோட சைஸ். 32 பி பல்லு பெருசு, 48 பி சின்னது, தாமியா காடில பெரும்பாலும் மாட் 0.6ங்கற வேற அளவு. ஒண்ணோட ஒண்ணு சேராது, சேர்ற மாதிரி தெரியும், அர மணி நேரத்துல ஸ்பர் பல்ல மாவா அரச்சிரும். ரொம்ப சின்ன பினியனும் வேணாம், மோட்டர நகத்தற அந்த நீள ஓட்டைக்குள்ள ஸ்பர எட்டாம போயிடும்.

இல்ல, மோட்டரே மாத்தணும்னா

மொதல்ல சைஸ். 1/10 க்ராலர்ல பெரும்பாலும் 540. டப்பா குறுக்களவு 36 மில்லி, நீளம் 50 மில்லி கிட்ட, ஷாஃப்ட் 3.17 மில்லி, மூஞ்சில ஸ்க்ரூ ஓட்டை ரெண்டும் 25 மில்லி தள்ளி இருக்கும். 550ங்கறது அதே தடிமன்ல கொஞ்சம் நீளம் கூட, அதனால பின்னால பேட்ரி ட்ரேயோ வேற எதுவோ இடிக்குதான்னு அளந்து பாத்துட்டு வாங்குங்க. 370, 380 சைஸ் ஷாஃப்ட் இத விட மெல்லிசு, இந்த பினியன் அதுல ஆடும்.

2எஸ் லைப்போ, அதாவது ரெண்டு செல் லித்தியம் பேட்ரி, வச்சு ஓட்டறவங்களுக்கு நான் கண்ண மூடிக்கிட்டு சொல்றது 35 டி. 3எஸ், அதாவது மூணு செல் வச்சிருக்கறவங்க 45 டி இல்ல 55 டி போடுங்க, 7.4 வோல்ட்டுக்கும் 11.1 வோல்ட்டுக்கும் வேகம் ஒண்ணர மடங்கு ஏறிடும், அத இந்த கூடுதல் சுத்து சமாளிச்சுக்கும். 80 டின்னு இருக்கு, அது வெறும் பாறை மட்டும் ஏறறவங்களுக்கு, தோட்டத்து செம்மண் ரோட்டுல கூட்டாளிங்களோட போனா எல்லாரும் வீடு போய் சேந்தப்புறம் நீங்க வந்துகிட்டிருப்பீங்க.

உள்ள 3 ஸ்லாட், 5 ஸ்லாட்னு ரெண்டு வகை, அதாவது ஆர்மேச்சர்ல மூணு கை இல்ல அஞ்சு கை. 5 ஸ்லாட் மெதுவா உருளும்போது திக்கு திக்குன்னு குதிக்காம வழவழன்னு வரும், பெரும்பாலும் ப்ரஷ்ஷையும், அதாவது சுத்தற பாகத்துக்கு கரண்ட் குடுக்கற கரி துண்டையும், கழட்டி மாத்திக்கலாம். கையில காசு இருந்தா அதுக்கு போங்க.

ப்ரஷ்லெஸ், அதாவது அந்த ப்ரஷ்ஷே இல்லாத மோட்டர் கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. சென்சார் இல்லாத சீப் ப்ரஷ்லெஸ் க்ராலருக்கு ஆகாது, கெளம்பும்போது எந்த பக்கம் சுத்தணும்னே தெரியாம நடுங்கும். சென்சார் உள்ளது நல்லா இருக்கும், ஆனா ஏ, பி, சி மூணு வயரையும் ஈஎஸ்சில அதே எழுத்துல போடணும், திச மாறுதுன்னு சும்மா ரெண்ட மாத்தி போட கூடாது. ஹாபிவிங் ஃப்யூஷன் மாதிரி மோட்டரும் ஈஎஸ்சியும் ஒரே டப்பால வர்றதும் இருக்கு, 1200 கேவி, 1800 கேவின்னு, கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு நிமிசத்துல எத்தன சுத்துங்கற கணக்கு. அருமையான சாமான், வயர் தொல்லையும் கம்மி. முதல் காடிக்கே வேணாம்ங்கறது என் அபிப்பிராயம், 35 டில மொதல்ல கை பழகட்டும்.

ஈஎஸ்சிக்கு ஒரு லிமிட் இருக்கு, அதயும் பாத்துக்குங்க, 2எஸ்ல இத்தன டிக்கு மேல, 3எஸ்ல இத்தன டிக்கு மேலன்னு பேப்பர்ல போட்டிருப்பான். 35 டி, 45 டிக்கு பெரும்பாலும் பிரச்சன வராது. நான் பாக்காம விட்டது அந்த வரியத்தான்.

மாட்டறதுக்கு முன்னாடி ஓட விடுங்க

புது ப்ரஷ் மோட்டர்ல ப்ரஷ்ஷோட மொகம் தட்டையா இருக்கும், அது தேய்க்கற கம்யூட்டேட்டர் உருண்ட. ரெண்டும் ஒத்து வர்றதுக்குள்ள லோடு குடுத்தா பொறி பறந்து ரெண்டும் கெட்டு போகும். அதனால ரெண்டு ஏஏ பேட்ரிய வரிசையா போட்டு 3 வோல்ட்ல, பினியன் இல்லாம வெறும் மோட்டர கால் மணி நேரம் ஓட விடுங்க. முடிஞ்சதும் ரெண்டு முனையிலயும் ஷாஃப்ட் வெளிய வர்ற எடத்துல ஒரு சொட்டு மெல்லிசு எண்ணெ, தையல் மெஷின் எண்ணெ போதும்.

கழட்டி மாட்டறது

பேட்ரிய புடுங்கிட்டு ஆரம்பிங்க. பழைய மோட்டர்ல செவப்பு வயர் எந்த காதுல, அதாவது வயர ஒட்டற தகட்டுல, இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

சால்டருக்கு 60 வாட் அயர்ன் இருந்தா நல்லது, மோட்டர் காது சூட்ட உறிஞ்சிக்கும், சின்ன அயர்ன வச்சு ரொம்ப நேரம் அழுத்துனா உள்ள இருக்கற ப்ரஷ் ஹோல்டர் ப்ளாஸ்டிக் உருகிரும். காதுல கொஞ்சம் ஈயம், வயர் முனைல கொஞ்சம் ஈயம் தனித்தனியா ஏத்திட்டு அப்புறம் ரெண்டையும் சேத்து வச்சு மூணு செகண்ட். ஆறுனதும் பளபளன்னு இருந்தா சரி, மங்கலா உருண்டையா நின்னா மறுபடி செய்யுங்க. காதுக்கும் டப்பாக்கும் நடுவுல குட்டியா கெப்பாசிட்டர் இருந்தா அத புடுங்கிராதீங்க, ரேடியோல எரைச்சல் வராம இருக்கத்தான் அது. புடுங்குனா ஸ்டீயரிங் தானா நடுங்கும்.

பினியன மாட்டும்போது ஷாஃப்ட்ல ஒரு பக்கம் சீவி தட்டையா இருக்கும் பாருங்க, பினியன்ல இருக்கற தலையில்லாத குட்டி க்ரப் ஸ்க்ரூ சரியா அந்த தட்டைல உக்காரணும். ஸ்க்ரூல ஒரு துளி நீல த்ரெட்லாக், ஸ்க்ரூ தானா கழறாம புடிக்கற பசை, வச்சுட்டு, நல்ல 1.5 மில்லி ஆலன் கீ எடுத்து இறுக்குங்க. காடியோட வர்ற எல் கீய நம்பாதீங்க, ஸ்க்ரூவோட ஆறு மூலையும் வட்டமாயிடும், அப்புறம் பெங்கல் பெங்கலா அலையணும்.

அடுத்தது மோட்டர் ஸ்க்ரூ, எம்3. இதுல ஒரு ஆபத்து இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு ஒரு ஸ்க்ரூ லோங்காங்ல விழுந்து போச்சு, டின்ல கெடந்த வேற ஒண்ண எடுத்து திருகுனேன், கொஞ்சம் நீளம். மோட்டர் உள்ள போய் கம்பி சுத்த ஒரசி கம்பி மேல இருக்கற எனாமல் பூச்ச சொரண்டிருச்சு, புது மோட்டர் பத்து நிமிசத்துல ஷார்ட். அதனால மோட்டர் ப்ளேட்டோட சேத்து கையால திருகிட்டு, ஷாஃப்ட விரலால சுத்தி பாருங்க, கறகறன்னு ஒரசுனா ஸ்க்ரூ நீளம், மாத்துங்க.

மெஷ், அதாவது பல்லுக்கு நடுவுல எடம்

ரொம்ப இறுக்கமா வச்சா கத்தும், சூடாகும். தளர்வா வச்சா பல்லு மொட்டையாயிடும். காகிதம் வச்சு அளக்கறதுதான் வழக்கம். நான் எங்கப்பா சட்ட பாக்கெட்ல கெடக்கற அடிக்காத நாலு நம்பர் சீட்ட எடுத்து ரெண்டா மடிச்சுக்குவேன், 32 பி பல்லுக்கு அளவா இருக்கும். சீட்ட பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவுல குடுத்து, கையால உருட்டி உள்ள இழுக்க விடுங்க, மோட்டர ஸ்பர் பக்கம் அழுத்தி புடிச்சுக்கிட்டே ஸ்க்ரூவ இறுக்குங்க, அப்புறம் உருட்டி சீட்ட வெளிய எடுங்க. சீட்டுல பல்லு தடம் மடிப்பு மடிப்பா விழுந்திருக்கணும், கிழிஞ்சிருக்க கூடாது. இப்ப ஸ்பர விரலால அசச்சா, பினியன் திரும்பறதுக்கு முன்னாடி துளியூண்டு ஆட்டம் தெரியணும். ஒரு எடத்துல பாத்துட்டு விட்டுராதீங்க, ஸ்பர முழு சுத்து சுத்தி நாலு எடத்துல பாருங்க, சில ஸ்பர் முழு வட்டமா இருக்காது. இறுக்கமா இருக்கற எடத்துக்கு தகுந்த மாதிரி மெஷ் வைங்க.

ஓட்டி பாக்கறது

காடி வயித்துக்கு கீழ ஒரு மைலோ டின்ன வச்சு நாலு வீலும் தரைல படாம தூக்கிருங்க. ரிமோட்ட மொதல்ல ஆன், அப்புறம் காடி. முன்னால அழுத்துனா பின்னால சுத்துதா? ப்ரஷ் மோட்டர்னா ரெண்டு வயரையும் மாத்துங்க, தீந்துச்சு. ட்ராக்ஸாஸ் டிஆர்எக்ஸ்-4 வச்சிருக்கறவங்களுக்கு இது கண்டிப்பா வரும், அதோட ஒரிஜினல் 21 டி 550 மோட்டர் எதிர் திசைல சுத்தற வகை. ஆனா டைமிங் வச்ச மோட்டர்னா, அதாவது ஒரு திசைக்கு தோதா ப்ரஷ்ஷ கொஞ்சம் திருப்பி வச்சதுன்னா, வயர மாத்தி ஓட்டுனா சூடாகும், க்ராலருக்கு டைமிங் ஜீரோல இருக்கறதுதான் நல்லது, முன்னால பின்னால ரெண்டும் ஒரே மாதிரி இழுக்கும்.

ஈஎஸ்சில ரெண்டு சமாச்சாரம். பேட்ரி டைப் லைப்போல இருக்கணும், இல்லன்னா பேட்ரி காலியானாலும் நிக்காம ஓடி உப்பி போயிடும். இன்னொண்ணு க்ராலர் மோடு, சில ஈஎஸ்சில குட்டி ஜம்பர மாத்தி குத்துனா போதும். அதுலதான் ட்ரிக்கர விட்டதும் மோட்டர் பூட்டிக்கும், சரிவுல காடி அப்படியே நிக்கும், ரிவர்ஸும் ஒடனே விழும். இத போடாம பாறைக்கு வந்துட்டு "மோட்டர் சரியில்லண்ணே"ம்பானுங்க.

பத்து நிமிசம் ஓட்டுனதும் நிறுத்தி மோட்டர தொடுங்க. விரல அஞ்சு செகண்ட் வைக்க முடிஞ்சா சரி. வைக்க முடியலன்னா 60 டிகிரிக்கு மேல போயிருச்சுன்னு வச்சுக்குங்க, பினியன்ல ஒண்ணு ரெண்டு பல்லு கொறைங்க, மெஷ்ஷ மறுபடி பாருங்க. கோவிட் நேரத்துல நெத்தில காட்டுன தெர்மாமீட்டர் இதுக்கு ஆகாது, அது காய்ச்சல் அளவுக்குத்தான் காட்டும், அதுக்கு மேல எரர்னு போடும். நம்ம ஊரு மத்தியான வெயில்ல மோட்டருக்கு காத்தும் கெடைக்காது, நாங்க பதினோரு மணிக்கு மேல ஓட்டறதே இல்ல.

கிந்தா பக்கத்து ஆளுங்களுக்கு தனியா ஒண்ணு: பழைய ஈயக்குட்ட மணல்ல ஓட்டாதீங்க. அங்க இருக்கற கறுப்பு பொடி மோட்டர் காந்தத்துல ஒட்டி காத்து ஓட்டை வழியா உள்ள போயிடும், எத்தன தொடச்சாலும் வராது. ஆத்து தண்ணில எறக்குனா ப்ரஷ் மோட்டர் ஒண்ணும் ஆகாது, ஆனா வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில அலசி, ஊதி காய வச்சு, ஷாஃப்ட்ல அந்த ஒரு சொட்டு எண்ணெ விடணும். மறந்தா அடுத்த ஞாயிறு கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே வரும், அப்ப கூட்டாளிங்க விடற கிண்டலுக்கு நான் பொறுப்பில்ல.