ஊதா கோஸ் பொரியல் நீலமாகாமல் இருக்க

சேலம் வெயிலில் மாடியில் கோஸ் வைப்பது கொஞ்சம் வம்புதான். ஐப்பசி மழை ஓய்ந்ததும் நாற்று நட்டால், மார்கழி தை குளிரில் உருண்டை கட்டிவிடும். ஏற்காட்டு அளவுக்குப் பெரிதாக வராது, பரவாயில்லை. இலைப்புழுவை மட்டும் காலையில் கையால் பொறுக்கிவிட வேண்டும்.

தொல்லை அடுப்பில்தான். அரியும்போது பளபளக்கிற ஊதா, எங்கள் போர் தண்ணீரில் வெந்ததும் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி நீலமாகிவிடும். பையன் தட்டைத் தள்ளிவிடுவான்.

அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்கிற இயற்கைச் சாயம். புளிப்புப் பட்டால் சிவக்கும், காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு மாதிரி புளிப்புக்கு எதிரானது) பட்டால் நீலமாகும். தண்ணீரிலும் கரைந்து போகும். எங்கள் தண்ணீரோ பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடுகிற, காரத்தன்மையுள்ள ரகம்.

இப்போது கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்துக் கோஸைப் போட்டதுமே அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்துவிடுகிறேன். இறக்கும்போது பிழிந்தால் நடுவில் நீலத்தைப் பார்த்துப் பதற வேண்டிவரும். தண்ணீர் ஊற்றுவதில்லை, கழுவின ஈரமே போதும். மூடி போட்டுச் சிறு தீயில் வைத்தால் கருஞ்சிவப்பாக, லேசாகக் கடிபடுகிற பதத்தில் வரும். மஞ்சள்தூள் வேண்டாம், நிறம் கலங்கும். அப்புறம் தேங்காய்த் துருவல்.

ஊதா பீன்ஸுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. வெந்ததும் சாதாரண பீன்ஸ் போலப் பச்சையாகிவிடுகிறது. ருசி குறையவில்லை, சரி என்று விட்டுவிட்டேன்.