"எனக்கெல்லாம் ஓட வராது டீச்சர்" என்பவர்களுக்கு

பொதுத்தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடு கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு ஓட்டம் மிகவும் தேவைப்படுவதே அப்போதுதான். சரி, மாலையில் வரச் சொன்னால், "எனக்கெல்லாம் ஓட வராது டீச்சர்" என்கிறார்கள். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். எப்போதோ விளையாட்டு விழாவில் கடைசியாக வந்ததும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததும்தான் பாதிப் பேருக்குக் காரணம் என்பேன்.

'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். ஏற்கெனவே செய்து முடித்த அனுபவத்துக்குத்தான் அவர் முதலிடம் கொடுத்தார். பாராட்டெல்லாம் அப்புறம்தான். அதனால் தோற்கவே முடியாத அளவில் தொடங்குங்கள். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை மெதுவோட்டம், அதற்கடுத்தது வரை நடை. ஓடும்போது பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. இன்னும் கொஞ்சம் ஓடலாமே என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். துணைக்கு உங்களைப் போலவே மூச்சு வாங்குகிறவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட அளவில் ஓடுகிற பையன் வேண்டாம்.

5 முதல் 17 வயதுள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நியாயமான அளவுதான். ஆனால் பெற்றோரே, முதல் வாரத்தில் அந்தக் கணக்கை எடுக்காதீர்கள்.

ஓடி நின்றதும் மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். நாடி படபடவென அடிக்கும், உள்ளங்கை வியர்த்திருக்கும். கேள்வித்தாள் கைக்கு வரும்போதும் இதே படபடப்புதான். மெதுவாக நடந்தபடி மறுபடி பாருங்கள், அடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும். இதைப் பலமுறை பார்த்த பிள்ளை, தேர்வறையில் நெஞ்சு அடித்துக்கொண்டாலும் அவ்வளவாக மிரளாது.

திருப்புதல் தேர்வில் மதிப்பெண் குறைந்த அன்று ஓட மனசே வராது. அன்றைக்கு ஷூவை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தால் போதும். விட்டுப்போன நாளுக்குச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாக ஓட வேண்டாம்.

இருட்டிய பிறகு வெளியே அனுப்பாத வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியும் ஸ்கிப்பிங் கயிறும் போதும். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!

நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால் ஓட்டத்தை மட்டும் நம்பியிருக்காமல் 14416க்குப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண்.